தெற்குப் பக்கத்து ஆபரேஷன்

கடலுக்குப் போகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டாலும் உண்மை வராது. தெற்கே வலை போடப் போகிறவன் வடக்கே கையைக் காட்டுவான். மீன் கிடக்கும் இடம் வெளியே தெரிந்தால் மறுநாள் அங்கே ஊர்ப் படகெல்லாம் வந்து நிற்கும், அதனால்தான். இந்த விஷயத்தில் அப்பாசாமியை மிஞ்ச மாமல்லபுரத்துக்கு வடக்கே எந்தக் குப்பத்திலும் ஆள் கிடையாது. போன திசையைப் பெண்டாட்டிக்கே அவர் சொன்னதில்லை. பஸ்ஸில் கண்டக்டர் எங்கே என்று கேட்டால்கூட வாய் ஒரு நிமிஷம் தடுமாறும். ஒரு தரம் கேளம்பாக்கம் போக வேண்டியவர் முட்டுக்காட்டுக்கு டிக்கெட் கேட்டுவிட்டு, அப்புறம் ஷேர் ஆட்டோவுக்குத் தண்டம் அழுதார்.

அப்படிப்பட்ட ஆளைச் செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, எந்தப் பக்கம் ஆபரேஷன், எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

குடலிறக்கம். இடது தொடை இடுக்கில். படகைத் தள்ளும்போது கத்திரிக்காய் மாதிரி புடைத்துக்கொண்டு வரும், படுத்தால் உள்ளே போய்விடும். இரண்டு வருஷமாக அதைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டே கடலுக்குப் போனார். இந்த வருஷம் துண்டுக்கு அடங்கவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் எல்லாம் மணலில் கிடக்கும்போதே அறுத்துத் தைத்துக்கொண்டு, தடை நீங்கும் அன்றைக்குச் சுக்கானைப் பிடித்துவிட வேண்டும் என்பது கணக்கு. விட்டால் தம்பி மாரி பிடித்துவிடுவான். மாரி ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஜாதி இல்லை. அண்ணனிடம் வாங்கின டார்ச் லைட்டே இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.

இந்த டாக்டருக்கு இன்றைக்கு விட்டால் அடுத்த தேதி மே மாசக் கடைசியில்தான். அப்புறம் ஜூன் பாதியில் தடை நீங்கும்போது அப்பாசாமி கட்டிலில் இருப்பார், மாரி படகில் இருப்பான்.

முதலில் கேட்டவள் வார்டு நர்ஸ் அன்பரசி.

"ஐயா, உங்க பேரு சொல்லுங்க."

"கையில பட்டை கட்டி எய்தி வெச்சிகீறியே, படிக்கத் தெரியாதா?"

"தெரியும். உங்க வாயால சொல்லணும்."

"அப்பாசாமி."

"என்ன ஆபரேஷன்?"

"குடல் எறக்கம்."

"எந்தப் பக்கம்?"

அப்பாசாமி இடது பக்கம் கையை வைத்துக் காட்டினார். வாயால் சொல்லவில்லை. குப்பத்தில் இடது, வலது என்று யாரும் பேசுவதில்லை. வடக்கு, தெற்குதான்.

அடுத்து டாக்டர் ஹேமந்த் வந்தார். இவர்தான் அறுக்கப் போகிறவர். முதல் நாள் பார்த்து, ஸ்கேன் எடுக்கச் சொல்லி, அந்தப் படத்தையும் பார்த்தவர். அவரும் பேர் கேட்டார், என்ன ஆபரேஷன் என்று கேட்டார், எந்தப் பக்கம் என்று கேட்டார். கேட்டுவிட்டு ஊதா நிற மார்க்கரால் இடது பக்கம் ஒரு அம்பு போட்டுவிட்டுப் போனார்.

"பாத்தியா எல்லம்மா," என்றார் அப்பாசாமி, பெண்டாட்டியிடம், குரலைத் தாழ்த்தி. "இந்தாளுதான் ஸ்கேன் பாத்தவன். இவனே என்னாண்ட கேக்கறான்."

"கேட்டா சொல்லிட்டுப் போயேன்யா. வாயி இன்னா வாடகைக்கா வாங்கினு வந்த?"

"உன் தங்கச்சி புருசனுக்கு இன்னா ஆச்சி? சொத்தைப் பல்ல வுட்டுட்டு நல்ல பல்லப் புடுங்கலை?"

"அவரு எந்தப் பல்லுன்னு கேட்டதுக்கு சும்மா ஆன்னு வாயத் தொறந்து காட்டினாரு. உன் சகலைதானே, உன்ன மாதிரிதான் இருப்பாரு."

தள்ளுவண்டி கொண்டுவந்த கலைவாணன் கேட்டான். தியேட்டர் வாசலில் ஜாக்குலின் சிஸ்டர் கேட்டாள். ஜாக்குலின் ஐம்பது வயதுக்காரி. கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவள். பார்த்தாலே மடியில் என்ன ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்பது போல இருக்கும். இவளாவது கேட்காமல் விடுவாள் என்று அப்பாசாமி நினைத்திருந்தார். அவள்தான் எல்லாரையும்விட நிதானமாகக் கேட்டாள்.

கரையில் ஒருத்தன் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் இரண்டே காரணம்தான் இருக்கும். ஒன்று, அவனுக்கு மறதி. இல்லையென்றால் வாயைக் கிளறி மீன் இடத்தைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறான். இங்கே இவரிடம் பிடுங்க மீன் இடம் இல்லை. ஆக, மறதி. காலையில் சொன்னதைப் பத்து மணிக்கு மறந்துவிடுகிறவர்கள் கையில் கத்தி.

தூண்டில் போட்டுப் பார்த்துவிடுவது என்று அப்பாசாமி முடிவு செய்தார்.

உள்ளே ஐஸ் பெட்டி மாதிரி குளிர். மேஜையில் உட்கார வைத்து முதுகை வளைத்துக் குனியச் சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போடுகிற டாக்டர் ரோகிணி எதிரே வந்து நின்றாள். சின்னப் பெண், குரல் மட்டும் பெரிசு.

"ஐயா, பேரு?"

"அப்பாசாமி."

"எந்தப் பக்கம் ஆபரேஷன்?"

அப்பாசாமி முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வலது பக்கத்தைக் காட்டினார்.

அவ்வளவுதான். கரண்ட் போனது மாதிரி ஆகிவிட்டது. பிளாஸ்டர் கிழித்துக்கொண்டிருந்த கலைவாணன் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. ஜாக்குலின் ஊசித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ரோகிணி இரண்டடி பின்னால் போனாள். மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள், அம்பைப் பார்த்தார்கள், கேஸ் ஷீட்டைப் பார்த்தார்கள்.

அப்பாசாமிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பரவாயில்லை, தூங்கிக்கொண்டு இல்லை.

"சும்மா சொன்னேன் தாயி," என்றார் சிரித்துக்கொண்டே. "நீங்கள்லாம் முயிச்சிகினு கீறீங்களான்னு பாத்தேன். அம்பு போட்ட பக்கந்தான். ஊசியக் குத்து."

"குத்த முடியாது," என்றாள் ரோகிணி.

"ஏன்?"

"ரெண்டு பக்கமும் சொல்லிட்டீங்க. எதை நம்புறது?"

"இப்ப சொன்னதுதான் நெசம். முன்னாடி சொன்னது தமாசு."

"முன்னாடி வார்டுல இடதுன்னு காட்டினீங்க. அது தமாசா?"

"அது இல்லம்மா, அதுக்கு அப்பால சொன்னது. நடுவுல சொன்னது!"

"நடுவுல நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கீங்க," என்றாள் ஜாக்குலின், கண்ணாடிக்கு மேலே பார்த்து. "இறங்குங்க கீழே."

கை கழுவிக்கொண்டிருந்த ஹேமந்தைக் கூப்பிட்டார்கள். ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தார்.

"அம்பு நான்தான் போட்டேன் சிஸ்டர். ஸ்கேன்லயும் இடது. நானே பாத்தேன்."

"நீங்க பாத்தது சரி டாக்டர். பேஷண்ட் வேற சொல்லிட்டாரு. மறுபடி பாக்காம நான் தட்டத்தைத் திறக்க மாட்டேன்."

"நானும் ஊசி போட மாட்டேன்," என்றாள் ரோகிணி.

அப்பாசாமி ஹேமந்தின் முகத்தையே பார்த்தார். இப்போது கத்துவான் என்று காத்திருந்தார். படகில் சுக்கான் பிடிக்கிறவனிடம் ஒருத்தன் மாட்டேன் என்று சொன்னால் சொன்னவன் கரைக்கு நீந்தித்தான் வர வேண்டும். ஹேமந்த் ஒரு பெருமூச்சு விட்டார்.

"சரி. முதல்லேர்ந்து வருவோம். வீட்டம்மாவைக் கூப்பிடுங்க."

எல்லம்மாள் வந்தாள். புடவைக்கு மேலே பச்சை அங்கி, தலையில் குல்லா. பிரியாணிக் கடை மாஸ்டர் மாதிரி இருந்தாள். புருஷன் துணி இல்லாத குறையாக நடு அறையில் நிற்பதைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது.

"இன்னாயா பண்ணித் தொலைச்ச?"

"அம்மா," என்றாள் ஜாக்குலின், "உங்க வீட்டுக்காரருக்கு எந்தப் பக்கம் வீக்கம்?"

"தெக்குப் பக்கம்."

ஹேமந்துக்குப் புரியவில்லை. "தெக்குன்னா?"

"தெக்குன்னா தெக்குதான். கெயக்கால தலை வெச்சிப் படுக்கும் இது. வீக்கம் தெக்கால கீது. மாமல்லபுரம் பக்கம்."

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தெற்கு எது என்று யாருக்கும் தெரியவில்லை. ஹேமந்த் ஈரக் கையைத் தூக்கியபடியே ஒரு சுற்றுச் சுற்றினார். "கேண்டீன் வடக்கால டாக்டர்," என்றான் கலைவாணன். "கேண்டீன் எந்தப் பக்கம்?" என்றாள் ரோகிணி. கலைவாணன் கதவைக் காட்டினான், அப்புறம் சந்தேகம் வந்து சுவரைக் காட்டினான்.

ஜாக்குலின்தான் வழி கண்டாள். கிழக்கு எங்கேயோ இருந்துவிட்டுப் போகட்டும், வீட்டில் படுக்கிற மாதிரி படுங்கள் என்றாள். அப்பாசாமி மேஜையில் மல்லாந்தார். தலை கிழக்கு என்று வைத்துக்கொண்டால் கால் மேற்கு. அப்போது தெற்கு இடது கைப் பக்கம். அம்பும் இடது பக்கம். ரோகிணி ஒரு தரம், ஜாக்குலின் ஒரு தரம், தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். ஒத்துப்போனது.

"அப்போ சரி," என்றார் ஹேமந்த்.

"சரி இல்ல," என்றாள் எல்லம்மாள். "வடக்கால, கோவளம் பக்கமும் கொஞ்சம் கீதே. அத்தச் சொல்லலியா இந்த ஆளு?"

அறை மறுபடியும் நின்றது.

"ஏய், அது காத்துடி!" என்று அப்பாசாமி மேஜையிலிருந்து எழுந்தார்.

"காத்தா? நெல்லிக்கா கணக்கா எட்டிப் பாக்குது. வூட்ல தும்மும்போது நான் பாக்கல? தம்பிக்குத் தெரிஞ்சா சிரிப்பான்னு துண்ட அந்தப் பக்கமும் சேத்துக் கட்டுவ இல்ல?"

ஹேமந்த் அவரைக் கீழே இறக்கி நிற்க வைத்தார். "இருமுங்க ஐயா."

அப்பாசாமி கல்யாண வீட்டில் சங்கோஜப்படுகிறவர் மாதிரி லேசாகச் செருமினார்.

"ராத்திரில தெருவே எயிந்து உக்கார்ற மாதிரி இருமுவியே," என்றாள் எல்லம்மாள், "அத்த இருமுய்யா."

கை தானாக வலது பக்கம் போனது. ஜாக்குலின் அதைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். வேறு வழி இல்லாமல் அப்பாசாமி இருமினார். தெற்கே கத்திரிக்காய் வந்தது. வடக்கே நெல்லிக்காயும் வந்தது.

"அன்னிக்கு இருமச் சொன்னப்ப வலது பக்கம் கையை வெச்சு அழுத்திக்கிட்டீங்களே," என்றார் ஹேமந்த். "இடுப்பு வலின்னு சொன்னீங்க."

அப்பாசாமி கூரையைப் பார்த்தார்.

"இடது பக்கம் வீக்கம்னு சொன்னதால அதை மட்டும்தான் ஸ்கேன் பண்ணினோம். இன்னிக்கு ஒண்ணைத் தெச்சு அனுப்பியிருந்தா, ஒரே வருஷத்துல வலை இழுக்கறப்ப அடுத்தது பெருசா வந்திருக்கும். மறுபடி ஆபரேஷன். ஏன் மறைச்சீங்க?"

உண்மையைச் சொல்வது அப்பாசாமிக்குப் பழக்கமில்லாத வேலை.

"ரெண்டு பக்கம் கியிச்சா ரெட்டிப்பு நாளு படுக்கணும். தடை முடியும்போது தம்பி சுக்கானப் புட்சிக்குவான்."

"ரெண்டையும் ஒண்ணா பண்ணினா ஒரே ஓய்வுதான். தடை முடியறப்ப நீங்க சுக்கான் பிடிக்கலாம். வலை மட்டும் இழுக்கக் கூடாது."

அப்பாசாமி அதை நம்பிவிடவில்லை. ஹேமந்த் கதவுப் பக்கம் போனதும் ரோகிணியைக் கூப்பிட்டு, "ஏம்மா, ரெண்டு பக்கம் பண்ணா எத்தினி நாளு?" என்றார். அவளும் அதையே சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, "சிஸ்டரு, நெசமா சுக்கான் புடிக்கலாமா?" என்று ஜாக்குலினைக் கேட்டார்.

"இதே கேள்வியை எத்தனை பேர்கிட்ட கேப்பீங்க?"

"எல்லாரும் ஒரே பதிலு சொல்றாங்களான்னு பாக்க வேணாமா?"

"நாங்களும் அதைப் பாக்கத்தான் காலைலேர்ந்து கேட்டோம்," என்றாள் ஜாக்குலின். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அப்பாசாமிக்கு யாரோ கூட்டத்தில் வேட்டியை உருவிவிட்டது போல இருந்தது.

அதோடு முடியவில்லை. வலது பக்கத்தையும் ஸ்கேன் பார்க்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். காலையில் முதல் ஆளாக வந்தவரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். "முன்னாடி இருக்கறது சீக்கிரம் முடிஞ்சா இன்னிக்கே. இல்லன்னா மே கடைசிதான்," என்று சொல்லிவிட்டார் ஹேமந்த்.

ஸ்கேனும் கையெழுத்தும் முடிந்தும் அப்பாசாமி வராந்தாவில் தள்ளுவண்டியில் கிடந்தார். பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. தமாசுக்குக் காட்டின கை மேலேயே அவருக்குக் கோபம் வந்தது. கண்ணை மூடினால் மாரி சுக்கான் பக்கம் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். போன் அடித்தது. மாரியேதான்.

"இன்னா அண்ணாத்த, முடிஞ்சிச்சா?"

"ஆச்சி, ஆச்சி," என்றார் அப்பாசாமி.

"பொய்யி!" என்று எல்லம்மாள் போனைப் பிடுங்கினாள். "இன்னும் உள்ளயே போவல நைனா. டாக்டராண்ட பொய் சொல்லி மாட்டிகினு கீது."

போனுக்குள் மாரி சிரித்த சிரிப்பு பக்கத்துத் தள்ளுவண்டிக்காரருக்கே கேட்டது.

சாயங்காலம் ஆகப் போகிற நேரத்தில் கலைவாணன் வந்து வண்டியைத் தள்ளினான். "ஐயா, பேரு? எந்தப் பக்கம்?" என்றான். அப்பாசாமி மளமளவென்று எல்லாவற்றையும் ஒப்பித்தார். கேட்காததையும் சொன்னார். அப்பன் பேரையும் சொன்னார்.

முதுகில் ஊசி ஏறி, இடுப்புக்குக் கீழே தன் உடம்பு தன்னுடையதாக இல்லாமல் போனபோதும் காது நன்றாகக் கேட்டது. நெஞ்சுக்குக் குறுக்கே பச்சைத் துணித் திரை. அந்தப் பக்கம் ஜாக்குலின் குரல்: "எல்லாரும் நிறுத்துங்க."

ஒவ்வொருத்தராகத் தங்கள் பேரைச் சொன்னார்கள். நான் ஹேமந்த், ஆபரேஷன் பண்றேன். நான் ரோகிணி, மயக்கம் கொடுக்கிறேன். இவர் அப்பாசாமி, இரண்டு பக்கமும் குடலிறக்கம்.

"ஏம்மா," என்று அப்பாசாமி தலைமாட்டில் இருந்த ரோகிணியிடம் கிசுகிசுத்தார், "தெனமும் ஒண்ணாதான வேலை செய்றீங்க? இன்னுமா பேரு தெரியல?"

"தெரியும்யா. பேர் சொல்லி வாயைத் திறந்தவங்க அப்புறம் தப்பைப் பாத்தாலும் வாயைத் திறப்பாங்க."

கொஞ்ச நேரத்தில் அதுவும் நடந்தது. "டாக்டர், உங்க முழங்கை லைட்ல பட்டுது, சுத்தம் போச்சு," என்றாள் ஜாக்குலின்.

"படலையே சிஸ்டர்."

"நான் பாத்தேன்."

ஹேமந்த் அங்கியையும் கையுறையையும் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டிக்கொண்டார். அப்பாசாமிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவர் படகில் மாரி இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு வாரம் இரண்டு பேரும் பேச்சு இல்லாமல் மீன் பிடித்திருப்பார்கள்.

தைக்கிற நேரம் வந்தபோது ரத்தம் ஒற்றின துணிகளை எண்ணினார்கள். ஜாக்குலின் எண்ணினாள். அவள் எண்ணினதை இன்னொரு நர்ஸ் திரும்ப எண்ணினாள். ஒன்று குறைந்தது.

"உள்ள எதுவும் இல்ல, நான் நல்லா பாத்துட்டேன்," என்றார் ஹேமந்த்.

"கிடைக்கிற வரைக்கும் ஊசி தர மாட்டேன் டாக்டர்."

"தராத சிஸ்டரு!" என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்து அப்பாசாமி குரல் கொடுத்தார். "நல்லாத் தேடச் சொல்லு! என் வயித்துக்குள்ள வெச்சித் தெச்சிடப் போறாங்கோ!"

எல்லாரும் தேடினார்கள். பெரிய டாக்டர், சின்ன ஆள் என்று இல்லாமல் வாளி, மேஜைக்கு அடி, துணிக்கு நடுவு என்று பார்த்தார்கள். கடைசியில் அது கலைவாணன் செருப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்கள். அதை இன்னொருத்தி திரும்ப எண்ணினாள்.

அப்பாசாமி கண்ணை மூடிக்கொண்டார். இந்த அறையில் ஒருத்தரை ஒருத்தர் நம்பவில்லை. டாக்டரை சிஸ்டர் நம்பவில்லை, சிஸ்டரை இன்னொரு சிஸ்டர் நம்பவில்லை, பேஷண்டை ஒருத்தருமே நம்பவில்லை. தன்னைப் போலவே நாலு பேரை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே இடத்தில் பார்த்த நிம்மதியில் அவருக்குத் தூக்கமே வந்துவிட்டது. குறட்டை கேட்டு ரோகிணி இரண்டு தரம் எழுப்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் மாரி இட்லிப் பொட்டலத்தோடு வந்தான். வந்ததும் நலம் விசாரிக்கவில்லை. ஹேமந்தைத் தேடிப் பிடித்து, "டாக்டர், அண்ணன் எப்போ கடலுக்குப் போலாம்?" என்றான்.

"தடை முடியறப்ப போகலாம். சுக்கான் பிடிக்கட்டும். வலை நீங்க இழுங்க."

"நெசமாவா டாக்டர்? நெசமாவே சுக்கான் பிடிக்கலாமா?"

"மறுக்கா கேளுடா," என்றார் அப்பாசாமி கட்டிலிலிருந்து. "கேக்க வேண்டியதுதான். தப்பில்ல."

மாரியின் முகம் ஆறிப்போன இட்லி மாதிரி ஆனது. அந்த நேரம் பார்த்து ஜெனிஃபர் என்று ஒரு புது நர்ஸ் டியூட்டி மாறி வந்து நின்றாள்.

"ஐயா, உங்க பேரு சொல்லுங்க."

"அப்பாசாமி."

"என்ன ஆபரேஷன்?"

"குடல் எறக்கம்."

"எந்தப் பக்கம்?"

எதிரே மாரி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். அந்த நெல்லிக்காய் விஷயம் அவனுக்கு இன்னும் தெரியாது. அப்பாசாமியின் கை போர்வைக்குள் மெல்ல அசைந்தது. எல்லம்மாள் ஒரே தாவலில் வந்து கையைப் போர்வையோடு சேர்த்து அழுத்தினாள்.

"இவர கேக்காதம்மா. கோவளம் பக்கம் ஒண்ணு, மாமல்லபுரம் பக்கம் ஒண்ணு. எய்திக்க."

"இல்லம்மா, அவரேதான் சொல்லணும்," என்றாள் ஜெனிஃபர்.

அப்பாசாமி மாரியைப் பார்த்தார். அப்புறம் ஜெனிஃபரைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தையல் இரண்டு பக்கமும் சுருக்கென்றது.

"ரெண்டு பக்கமும்," என்றார்.

ஜெனிஃபர் தலையாட்டி அடுத்த கட்டிலுக்குத் திரும்பினாள். எல்லம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னொரு வாட்டி கேளும்மா."